மாவு ஒன்று, பெயர் நாலு

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், நாலாம் வகுப்பு மகன், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் மாமியார். நான் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். எட்டேகாலுக்குப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எட்டு டம்ளர் அரிசி போட்டு மாவரைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். திங்கள், செவ்வாய் இட்லி. புதன், வியாழன் தோசை. வெள்ளி ஊத்தப்பம். சனிக்கிழமை மிச்ச மாவில் குழிப்பணியாரம். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி, இல்லாவிட்டால் தக்காளிச் சட்னி. போன வாரம் மகன் தட்டைத் தள்ளிவிட்டு, "ஊரெல்லாம் செட்டிநாட்டுச் சாப்பாடுன்னு போர்டு வச்சிருக்காங்க, நம்ம வீட்ல மட்டும் ஏம்மா தினம் இதே?" என்று கேட்டான். அத்தை சிரித்துவிட்டு, "எங்க காலத்துல விதவிதமாப் பண்ணுவோம்" என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலு மணிக்கு எழுந்திருக்காமல் காலைப் பலகாரத்தை மாற்ற வழி உண்டா? அத்தையின் சர்க்கரைக்கும் ஒத்துவர வேண்டும்.

பதில்: உங்கள் கடிதத்தில் நாலு பலகாரம் எழுதியிருக்கிறீர்கள். நான் எண்ணிப் பார்த்ததில் ஒன்றுதான் தேறியது. இட்லி, தோசை, ஊத்தப்பம், குழிப்பணியாரம் எல்லாம் ஒரே மாவு. தட்டில் ஊற்றி அவித்தால் ஒரு பெயர், கல்லில் ஊற்றினால் ஒரு பெயர், குழியில் ஊற்றினால் இன்னொன்று. பிள்ளைகளின் நாக்கு பெயரைப் பார்ப்பதில்லை. அதிலும் வாரம் நகர நகர மாவு புளித்துக்கொண்டே போகும். ஃபிரிட்ஜ் புளிப்பை நிறுத்துவதில்லை, மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். ஞாயிறு அரைத்த மாவுக்குச் சனிக்கிழமை ஆறு நாள் வயது. உங்கள் மகன் தட்டைத் தள்ளியது எந்தக் கிழமை என்று நீங்கள் எழுதவில்லை. வெள்ளியோ சனியோ என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

இட்லியைக் குறை சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அது உளுந்தில் நிறைய. உளுந்தில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று அடைக்கும். புளிக்கும்போது பி வைட்டமின்கள் சில கூடும், இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிப்போடும் ஃபைட்டேட் குறையும். ஆவியில் வேகிறது, எண்ணெய் கிடையாது. எனவே இட்லியை வீட்டைவிட்டு விரட்ட வேண்டாம். ஆறு நாள் ஆளுவதற்குப் பதில் மூன்று நாள் ஆளட்டும். எட்டு டம்ளர் அரிசிக்குப் பதில் நாலு டம்ளர் போடுங்கள், ஒரு டம்ளர் உளுந்து. புதன் காலையோடு மாவு தீர்ந்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் நாம் அதையேதான் ஊற்றுவோம். மாவு தீர்ந்தால்தான் அடுத்த யோசனை பிறக்கும்.

அத்தை சொன்ன 'எங்க காலம்' பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் அது அவர்கள் கெட்டிக்காரத்தனத்தால் மட்டும் வந்தது இல்லை. என் அப்பத்தா பள்ளத்தூரில் பிறந்தவர். அவர் வீட்டு இரண்டாங்கட்டில் ஆட்டுக்கல்லும் திரிகையும் உரலும் இருந்தன, ஃபிரிட்ஜ் கிடையாது. ஆறு நாள் மாவை வைத்துக்கொள்ள அவர்களுக்கு வழியே இல்லை. அன்றன்றைக்கு வேண்டியதை ஊறவைத்து, அன்றன்றைக்கு ஆட்டினார்கள். அப்படி ஆட்டியதில் பாதிக்குமேல் புளிக்கத் தேவையில்லாத மாவு. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், சீயம், அடை, கொழுக்கட்டை, இடியாப்பம் எதுவும் இரவு முழுக்கப் பொங்கக் காத்திருப்பதில்லை. நம் வீடுகளுக்குக் கிரைண்டர் வந்ததும் இட்லி பெருத்தது; ஃபிரிட்ஜ் வந்ததும் அது வாரம் முழுக்க நீண்டுவிட்டது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்த அடுப்படியில் ஒரே நேரத்தில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள், கூடமாட உதவிக்கும் ஆள் இருந்தது, யாருக்கும் எட்டேகாலுக்குப் பஸ் இல்லை. அதனால் அத்தை சிரித்ததற்கு நீங்கள் அழ வேண்டியதில்லை. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது குற்ற உணர்ச்சியை இல்லை, ஊறவைக்கும் பழக்கத்தை.

நான் சொல்ல வருவது இதுதான்: காலைப் பலகாரத்தைக் காலையில் மாற்ற முடியாது. காலை ஆறரை மணிக்கு "இன்னைக்கு என்ன பண்ணலாம்?" என்று அடுப்படியில் நின்றால் கை தானாக மாவு டப்பாவுக்குத்தான் போகும். முந்தின நாள் சாயங்காலம் காபி போடும்போது ஒரு கிண்ணத்தில் எதையாவது ஊறப்போட்டுவிட்டால், மறுநாள் என்ன பலகாரம் என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது. கூடுதல் வேலை இரண்டு நிமிடம். நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டியதே இல்லை.

எதை ஊறவைப்பது? எளிதானது பாசிப்பயறு. முழுப்பயறு ஒன்றரை டம்ளர், அதோடு பச்சரிசி இரண்டு மேசைக்கரண்டி. காலையில் இரண்டு பச்சை மிளகாய், ஒரு துண்டு இஞ்சி, கொஞ்சம் சீரகம், உப்பு சேர்த்து மிக்ஸியில் அரைத்து அப்படியே கல்லில் ஊற்றலாம். ஆந்திரக்காரர்கள் பெசரட்டு என்பார்கள். மேலே பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் தூவினால் நம் ஊர் வாசனை வந்துவிடும். ஐந்து பேருக்குத் தலைக்கு இரண்டு வரும். உளுந்து, பாசிப்பயறு இரண்டிலுமே 100 கிராமுக்கு 22 முதல் 24 கிராம் வரை புரதம் இருக்கிறது. இட்லி மாவில் பருப்பு ஐந்தில் ஒரு பங்குதான். இந்தத் தோசையில் ஏறக்குறைய முழுக்கப் பருப்பு. வளர்கிற பிள்ளைகளுக்கும் சரி, சர்க்கரை உள்ள அத்தைக்கும் சரி, ஒரே மாவில் வேலை முடிகிறது.

அடுத்தது அடை. புழுங்கலரிசி ஒரு டம்ளர், கடலைப்பருப்பு அரை, துவரம்பருப்பு அரை, உளுந்தோ பாசிப்பருப்போ கால். ஆறு வரமிளகாய், ஒரு தேக்கரண்டி சோம்பு. சோம்பு போடாத அடையை எங்கள் பக்கத்தில் பாதி அடை என்றுதான் சொல்வோம், மற்ற ஊர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும். கொரகொரப்பாக அரைத்து, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை உருவிப் போடுங்கள். உங்கள் மகள் வயசுப் பெண்களுக்கு மாதவிலக்கு தொடங்கியபின் இரும்புச்சத்து அதிகம் தேவைப்படும். கீரை, பருப்பில் உள்ள இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது. கூடவே எலுமிச்சை, தக்காளி, நெல்லி போல வைட்டமின் சி உள்ள ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளும். காபியும் டீயும் அதைத் தடுக்கும். எனவே அடை சாப்பிடும் நாளில் மகளுக்குக் காபியை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். சித்திரை, வைகாசியில் பருப்பை இரவு முழுக்க வெளியே ஊறவைத்தால் நுரைத்து வாடை வந்துவிடும். அந்த இரண்டு மாதமும் கிண்ணத்தை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, ஊறவைக்கவே வேண்டாத வகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சரிசி ஒரு கிலோவைக் கழுவி நிழலில் உலர்த்தி, 150 கிராம் துவரம்பருப்பும் ஒரு தேக்கரண்டி மிளகும் சேர்த்து ரவையாக உடைத்து டப்பாவில் போட்டுக்கொண்டால் ஒரு மாதத்துக்குக் கவலை இல்லை. கடுகு, உளுந்து, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டேகால் டம்ளர் தண்ணீர் கொதிக்கவிட்டுக் கிளறி, தேங்காய்த் துருவல் போட்டால் அரிசி உப்புமா. அதையே அரை வேக்காட்டில் இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் பிடித்து, இட்லிப் பானையில் பன்னிரண்டு நிமிடம் அவித்தால் உப்புக் கொழுக்கட்டை. உப்புமா என்றால் முகத்தைச் சுளிக்கும் பிள்ளை கொழுக்கட்டையை எண்ணி எண்ணிச் சாப்பிடுவதை எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன். ரவை அதேதான், தாளிப்பும் அதேதான். நான் மேலே சொன்ன 'ஒரே மாவு நாலு பெயர்' குற்றச்சாட்டை இங்கே நானே மீறுகிறேன் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். கடிப்பதற்குப் பதம் மாறினால் நாக்கு ஏமாறத்தான் செய்கிறது. ஆனால் வாரத்தில் ஒரு தடவைதான் ஏமாறும், ஆறு தடவை இல்லை.

இடியாப்பத்தைப் பள்ளிக்கூட நாளில் தொடாதீர்கள். ஐந்து பேருக்குக் கட்டையில் பிழிந்து முடிப்பதற்குள் உங்கள் பஸ் போய்விடும். சனிக்கிழமை பண்ணுங்கள். அதுவும் கணவரைப் பிழியச் சொல்லுங்கள். கை வலு வேண்டிய வேலை அது. வெள்ளைக் குருமாவோ தேங்காய்ப்பாலோ அன்றைக்கு. மிஞ்சினதைச் சாயங்காலம் உதிர்த்து எலுமிச்சை பிழிந்து தாளித்தால் அது ஒரு இடைப்பலகாரம்.

சரி, இனி தொட்டுக்கொள்வதற்கு வருகிறேன். உண்மையில் உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது இதுதான். இந்த உணவு ஆலோசனைத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் படித்த புத்தகத்தை அப்படியே ஒப்பிப்பேன். சர்க்கரைக்காரர்களுக்கெல்லாம் ஓட்ஸ் எழுதிய ஒரு தாளை அச்சடித்து வைத்திருந்தேன். கோட்டையூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஆச்சி அந்தத் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரிம்மா, இதை எதைத் தொட்டுக்கிட்டுச் சாப்பிடுறது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தத் தாளை அன்றோடு விட்டுவிட்டேன். நம் ஊரில் பலகாரம் ருசிப்பதும் கசப்பதும் கிண்ணத்தில்தான் இருக்கிறது, தட்டில் இல்லை. கிண்ணத்தை மாற்றினால் அதே இட்லி வேறு பலகாரமாகிவிடுகிறது. செலவும் குறைவு, நேரமும் குறைவு.

செட்டிநாட்டு வீடுகளில் கிண்ணத்துக்கு என்ன பஞ்சம்? கோசமல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். கால் கிலோ கத்திரிக்காயை நாலாகக் கீறி வேகவைத்து, தோலுரித்து மசித்து, நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்ற வேண்டும். கடுகு, உளுந்து, வரமிளகாய் தாளித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி வதக்கி அதில் கொட்டி ஒரு கொதி. கொஞ்சம் தளர இருக்க வேண்டும், துவையல் மாதிரி ஆகிவிடக் கூடாது. காலை வேளையில் ஆளுக்கு ஐம்பது கிராம் காய்கறி வயிற்றுக்குள் போக இதைவிடச் சுலபமான வழியை நான் இன்னும் காணவில்லை. காலையில் தமிழ்நாட்டில் யார் காய்கறி சாப்பிடுகிறார்கள்? தேங்காய்ச் சட்னியில் காய் இல்லை, பொடியில் காய் இல்லை. கத்திரிக்காயைக் கண்டால் ஓடுகிற உங்கள் மகன் மசித்த கத்திரிக்காயை அடையாளம் காணமாட்டான். அத்தை காட்டிக்கொடுக்காமல் இருந்தால் சரி.

பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, கத்திரியோ முருங்கையோ பரங்கியோ போட்டு, புளி இல்லாமல் தக்காளி மட்டும் சேர்த்து இறக்குகிற சாம்பார் ஒன்று. வெங்காயம், தக்காளி, பூண்டு, மல்லித்தழை, கொஞ்சம் தேங்காய் எல்லாம் வதக்கி அரைக்கிற கதம்பச் சட்னி ஒன்று. பீர்க்கங்காய்த் தோலையும் சௌசௌத் தோலையும் தூக்கிப் போடாமல் துவையல் அரைக்கலாம். வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, புளி, உப்பு பச்சையாக வைத்து அரைத்து நல்லெண்ணெய் ஊற்றுகிற மிளகாய்ச் சட்னி பெரியவர்களுக்கு. இதில் எதுவும் இருபது நிமிடத்துக்கு மேல் போகாது. கோசமல்லிக்குக் கத்திரிக்காயை முந்தின இரவே அவித்து வைத்துக்கொள்ளலாம்.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு நாள் பலகாரம் மாறும், காய்கறிச் சாம்பார் கூடவே வரும். அங்கே ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குச் சமைக்க வேண்டும், அதற்கு அந்த முறை சரி. ஐந்து பேர் வீட்டில் நான் அதைத் திருப்பிப் போடச் சொல்வேன். பலகாரம் இரண்டு நாள் அதுவாகவே இருக்கட்டும். கிண்ணம் தினம் மாறட்டும்.

அத்தையின் சர்க்கரை பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 'சர்க்கரைக்கு நல்லது' என்ற பெயரில் பல பலகாரங்கள் உலவுகின்றன, பாதி தவறு. கேழ்வரகு நல்ல தானியம். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனால் அதை நைசாக மாவாக்கிக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். மாவு எவ்வளவு மென்மையோ, கூழ் எவ்வளவு தளர்வோ, அவ்வளவு வேகம். கேழ்வரகு மாவில் கீரையும் வெங்காயமும் போட்டுத் தட்டும் அடை அதைவிட மேல். கவுனி அரிசியும் அப்படித்தான். கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்குக் கடல் தாண்டிப் போன நம் ஊர்க்காரர்கள் பர்மாவிலிருந்து கொண்டுவந்தது என்று சொல்வார்கள். அந்தக் கருநீலத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் நல்ல பொருள்தான். ஆனால் நாம் அதைச் சீனியும் நெய்யும் தேங்காயும் போட்டுத்தானே சாப்பிடுகிறோம்? 'கவுனி சாப்பிட்டால் சர்க்கரை குறையும்' என்று சொல்லிக்கொண்டு கிண்ணத்தை இரண்டாம் தடவை நிரப்புகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். அத்தைக்குக் கவுனி வேண்டுமானால் சீனி போடாமல், இரவு ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே குழைய வேகவைத்து, உப்பும் மோரும் விட்டுக் கொடுங்கள். அதுவும் ஒரு கிண்ணம்தான்.

அத்தைக்கு ஒரே நாளில் தனிச் சமையல், உங்களுக்கு வேறு என்று வைக்காதீர்கள். இரண்டு பேருக்குமே கஷ்டம். அதே பலகாரம், அளவு மட்டும் வேறு. இட்லி என்றால் இரண்டு, கூட ஒரு பெரிய கரண்டி கோசமல்லியோ சாம்பாரோ. முதலில் காயையும் பருப்பையும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு அப்புறம் இட்லியைத் தொடச் சொல்லுங்கள். சர்க்கரை ஏறும் வேகம் தணியும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பாருங்கள். இட்லி நாளில் எவ்வளவு, அடை நாளில் எவ்வளவு என்று குறித்துக்கொண்டால் எந்தப் பலகாரம் அத்தைக்கு ஒத்துக்கொள்கிறது என்று மாதத்துக்குள் தெரிந்துவிடும். நான் இங்கே உட்கார்ந்து சொல்வதைவிட அது நம்பகமானது. இரண்டு எச்சரிக்கை மட்டும். மாத்திரை போட்டுவிட்டுப் பலகாரம் தாமதமாகக் கூடாது. புதுப் பலகாரம் செய்கிற ஆர்வத்தில் ஒன்பதரை ஆகிவிட்டால் சர்க்கரை தாழ்ந்து வியர்வை, நடுக்கம், படபடப்பு வரலாம். அரிசியைக் கணிசமாகக் குறைத்தால் மாத்திரை அளவையும் மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சிறுநீரகத்தில் கோளாறு என்று ஏற்கெனவே சொல்லியிருந்தால், நான் மேலே எழுதிய பருப்பு வகைகளைக் கூட்டுவதற்கு முன்னால் அவரைக் கட்டாயம் கேளுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு வெள்ளைப் பணியாரத்தைச் சொல்லாமல் போனால் உங்கள் மகன் என்னை மன்னிக்கமாட்டான். போர்டு வைத்தவர்கள் வாசலில் தொங்கவிடுவது அதைத்தானே. ஞாயிற்றுக்கிழமைக்கு அது. பச்சரிசியை ஒரு டம்ளரில் தலைதட்டி எடுத்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவு உளுந்து. அளவு அவ்வளவுதான், நம் பாட்டிமார் கண்டுபிடித்த தராசு அது. இரண்டையும் சேர்த்தே இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து, உப்பும் ஒரு சிட்டிகைச் சீனியும் கொஞ்சம் காய்ச்சாத பாலும் சேர்த்துக் கரண்டியால் எடுத்து ஊற்றுகிற பதத்துக்குக் கரைக்க வேண்டும். புளிக்கவிடக் கூடாது, அரைத்ததும் சுட வேண்டும். காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி நடுவில் ஊற்றினால் அடியில் போய்த் தானாக மேலே வரும், ஒரே ஒரு தடவை திருப்பி, சிவப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்று. உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் விறைத்துப் போகும். முதல் பணியாரம் எப்போதும் கோணலாகத்தான் வரும். அதைச் சுடுகிறவர் வாயில் போட்டுக்கொள்வது வழக்கம். அதே மாவைக் கொஞ்சம் கெட்டியாக அரைத்து, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப் பல்லைத் தாளித்துக் கொட்டி உருட்டிப் போட்டால் மசாலாச் சீயம்.

எண்ணெயில் பொரித்தது என்பதை மறைக்க மாட்டேன். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் 27 கிராம் எண்ணெய், நெய் என்று கணக்குப் போட்டிருக்கிறது. தேக்கரண்டிக் கணக்கில் ஆறு. நாலு பணியாரத்திலேயே அதில் பெரும்பகுதி போய்விடும். எனவே பணியார நாளில் மதியம் அப்பளமும் வறுவலும் வேண்டாம், ரசமும் அவியலும் போதும். மாதம் இரண்டு ஞாயிறு என்றால் யாருக்கும் கெடுதல் வராது. அத்தைக்கு இரண்டு பணியாரம், கோசமல்லி தாராளமாக.

இனிப்புக்கும் ஒரு நாள் வைக்கலாம், பிள்ளைகளுக்காக. உளுந்து, பாசிப்பருப்பு, கொஞ்சம் பச்சரிசி வறுத்து அரைத்த கும்மாய மாவு டப்பாவில் இருந்தால், நெய்யில் மாவைப் புரட்டி, கருப்பட்டிக் கரைசலில் கட்டி தட்டாமல் கிளற கால் மணி நேரம் போதும். ஆடிக்கு மட்டும் என்று அதை ஏன் ஒதுக்கிவைத்தோம் என்று எனக்குப் புரிவதில்லை. பரீட்சை நாள் காலையில் ஒரு சின்னக் கிண்ணம் கும்மாயம் சாப்பிட்டுப் போகிற பிள்ளைக்குப் பதினோரு மணிக்குப் பசிக்காது. கடையில் விற்கும் பாக்கெட் தானியத்தைப் பாலில் கொட்டிக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் இதில் பருப்பு இருக்கிறது, அதில் அநேகமாகச் சீனிதான். ரவையும் வெல்லமும் தேங்காயும் சேர்த்த ரங்கூன் புட்டும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பெயருக்காகவே கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். அத்தைக்கு அன்றைக்குப் பாசிப்பயறை வேகவைத்துத் தேங்காய் போட்டுத் தாளித்துக் கொடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்யப் புறப்படாதீர்கள். அடுத்த வாரம் ஒரே ஒரு மாற்றம்: மாவைப் பாதியாகக் குறைத்து, புதன் சாயங்காலம் பாசிப்பயறு ஊறவையுங்கள். வியாழன் காலை பயறுத் தோசை. இட்லிக்கு ஒரு நாள் கோசமல்லி. அது கைக்குப் பழகியதும் வெள்ளிக்கு அடை, இன்னும் ஒரு வாரம் கழித்துக் கொழுக்கட்டை. நடுவில் ஒரு நாள் எதுவுமே ஊறவைக்க மறந்து போகும். அன்றைக்கு இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும் போதும், அல்லது முந்தின இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து மோர், சின்ன வெங்காயம், மோர்மிளகாயோடு வையுங்கள். பங்குனி, சித்திரையில் நம் ஊர் வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமான பலகாரம் எதுவும் கிடையாது.

அப்புறம், ஊறவைக்கிற வேலையை நீங்களே தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். சாயங்காலம் வீட்டில் இருக்கிறவர் அத்தைதான். "நாளைக்கு எதைப் போடலாம், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். 'எங்க காலத்துல' என்று தொடங்குவார்கள், தொடங்கட்டும். அளவு கேட்டால் உள்ளங்கையைக் குவித்துக் காட்டுவார்கள். அந்தக் கை அளவைப் பக்கத்தில் ஒரு டம்ளரை வைத்து அளந்து, உங்கள் கணக்கு நோட்டிலேயே ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பணியாரத்துக்கு நான் சொன்ன அளவு அவர்கள் அளவோடு ஒத்துப்போகவில்லை என்றால், அவர்கள் அளவையே வைத்துக்கொள்ளுங்கள்.